எடை குறைக்கிற சசிகலா

முதலில் குலுக்கிப் பார்க்கிறாள். யாராவது பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தால், இரண்டு கையாலும் பிடித்துக் காதருகே கொண்டுபோய், தேங்காய் வாங்குகிறவள் மாதிரி ஒரு குலுக்கு. சலசலவென்றால் உள்ளே சாமை புகுந்திருக்கிறது. கடகடவென்றால் திருகு கழன்றிருக்கிறது. பிறகு மேசையில் வைத்து, மூடியின் மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்களை நகத்தால் சுரண்டி எடுக்கிறாள். பூ ஸ்டிக்கர், பைக் ஸ்டிக்கர், பெயரின் முதலெழுத்து, எதற்கும் இரக்கம் கிடையாது. சாமி படம் இருந்தால் மட்டும் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவரில் ஒட்டுகிறாள். அந்தச் சுவரில் இப்போது முருகன் மட்டுமே ஏழெட்டு அளவுகளில் இருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் சுவிட்ச். திரை வந்ததும் எதையும் திறப்பதில்லை. கையைக் கட்டிக்கொண்டு அது மூச்சு வாங்கி அடங்குகிறவரை காத்திருக்கிறாள். அடங்கியதும், நினைவகத்தில் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று பார்க்கிறாள். முகம் சுருங்குகிறது.

"பாருக்கா, சும்மா குந்திக்கினு இருக்கசொல்லவே பாதிய துன்னுடுச்சி. இன்னும் ஒரு வேலகூட சொல்லல."

மலைமேல் இருக்கிற புதூர்நாட்டுக் கடைவீதியில் ஒற்றை அறைக் கடை சசிகலாவுடையது. ஜெராக்ஸ், ரீசார்ஜ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது என்று வெளியே எழுதியிருக்கிறது. எழுதாத வேலைதான் அவள் பேரைச் சொல்கிறது. மலையில் முக்கால்வாசி வீடுகளில், ப்ளஸ் டூ படித்த பிள்ளைக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப் ஒன்று துணியில் சுற்றி அரிசி மூட்டையின் மேலோ, பீரோவின் தலையிலோ கிடக்கிறது. பிள்ளை ஓசூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட்டது. லேப்டாப் போகவில்லை. திறந்தால் திறக்க ஒரு யுகம், மூட ஒரு யுகம். அப்படிக் கிடப்பதையெல்லாம் எழுப்பி உட்காரவைப்பதுதான் அந்த வேலை. விண்டோஸை எடுத்துவிட்டு, யாரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம் என்கிற லினக்ஸைப் போடுகிறாள். அதிலும் கனமானதை எல்லாம் கழித்துவிட்டு, அதே வேலையைச் செய்யக்கூடிய இலேசானதைத் தேடித் தேடி வைக்கிறாள்.

வயது முப்பதுதான். பார்த்தால் அதைவிடக் குறைவாகத் தெரியும், பேசினால் அதிகமாகத் தெரியும். ஒல்லி. காதில் ஒரு சின்னக் கம்மல், கழுத்தில் தாலிக்கயிறு, அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவளுக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"எனக்கும் ப்ளஸ் டூவுல குடுத்தாங்கக்கா. தொறக்கசொல்ல ரெண்டு வரி வரும். மொத வரியத்தான் எல்லாரும் அமுக்குவாங்க. ஒரு நாளு கை தவறி கீழ் வரிய அமுக்கிட்டேன். வேற ஒரு வூடு தொறந்துக்கிச்சி. அதே பொட்டியில இன்னொரு வூடு! அத்தினி நாளும் அந்தப் பக்கம் யாருமே போவல."

அந்த இரண்டாவது வீடுதான் லினக்ஸ். திருப்பத்தூரில் கல்லூரிக்குப் போனபோதும், கல்யாணமாகிப் புதூர்நாட்டுக்கு வந்தபோதும் அவள் அந்த வீட்டிலேயேதான் குடியிருந்தாள்.

கணவர் வெற்றிச்செல்வன் ஜீப் ஓட்டுகிறார். திருப்பத்தூருக்கும் மலைக்கும் நாளெல்லாம் ஏறி இறங்குகிறவர். சிக்னல் சரியாக இல்லாத காலத்தில், கீழே போய் மென்பொருள்களைப் பென்டிரைவில் இறக்கிக்கொண்டு வருவது அவர் வேலையாக இருந்தது. பலாப்பழமும் ஆட்களும் ஏற்றிய ஜீப்பில், சட்டைப்பையில் ஒரு லினக்ஸ். "பெருசா இருந்தா எறங்கறதுக்குள்ள ரெண்டு சவாரி போயிடும். சின்னதா பாத்து எழுதிக் குடுன்னு நாந்தான் சொன்னேன். அதிலேர்ந்து எல்லாத்தயும் சின்னதாக்கிட்டா" என்று சிரித்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கலாம்.

மீதி உண்மை அவள் வீட்டுக்குப் போனால் தெரிகிறது. அடுக்களையில் பாத்திரம் கைக்கு எட்டுகிற அளவுதான். கொடியில் துணி கொஞ்சம். சுவரில் ஒரே காலண்டர். மாமியார் பச்சையம்மா, மருமகளை நேருக்கு நேராகவே விமர்சிக்கிற நல்ல மனுஷி, என்னிடம் முறையிட்டார்: "சீரா வந்த அண்டா, குண்டான் எல்லாத்தயும் பரண்ல போட்டுட்டா. இவ கண்ணு பட்டா எது வேணாலும் எளைச்சிப் பூடும். நானு பயந்துக்கினு ஒரு சுத்து அதிகமாவே துன்றேன்." சசிகலா கோபித்துக்கொள்ளவில்லை. சோற்றை அவர் தட்டில் தாராளமாகவே வைத்தாள்.

அவள் மென்பொருள் தேர்ந்தெடுக்கிற விதத்தைப் பார்க்கவேண்டும். இணையத்தில் யாரோ நல்லது என்று எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. தன் லேப்டாப்பில் போட்டு ஒரு வாரம் அதோடேயே இருக்கிறாள். பாட்டைப் பாடவிடுகிறாள், பிரவுசரைத் திறக்கிறாள், நடுவில் ஒரு மனுவைத் தட்டுகிறாள், போட்டோவை வெட்டுகிறாள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யவைத்து, எது முதலில் தடுமாறுகிறது என்று பார்க்கிறாள். தடுமாறினால் அன்றோடு சரி. படம் பார்க்க விஎல்சி இருந்த இடத்தில் எம்பிவி வந்தது. மனு எழுதுவதற்கு லிப்ரே ஆஃபிஸ் இருந்த இடத்தில் அபிவேர்ட். பிடிஎஃப் படிப்பதற்கு, பொத்தானே இல்லாத ஒன்று. திரையில் ஐகான்களும் நிழலும் மினுக்கும் காட்டுகிற பெரிய டெஸ்க்டாப்பை எடுத்துவிட்டு, ஓரமாக ஒரு பட்டையும் ஒரு மெனுவும் மட்டுமே உள்ள சின்னது. ஒவ்வொன்றையும் கழிக்கும்போது அவள் முகத்தில் வருகிற திருப்தி, களையெடுத்த கொல்லையை வரப்பில் நின்று பார்க்கிறவளுடையது.

இப்படித் தேறியதையெல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பு வைத்திருந்தாள். வருகிற லேப்டாப் எல்லாவற்றுக்கும் அதே தொகுப்பு. ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கிற பெண்ணுக்கும் அதுதான், மகளிர் குழுவுக்கும் அதுதான், பேரனோடு சண்டை போட்டுக்கொண்டு படம் பார்க்கிறவருக்கும் அதுதான். யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. மிஷினைத்தான் கேட்பாள்.

இந்த வைகாசியில்தான் அதற்கு ஒரு முட்டுக்கட்டை விழுந்தது. விழுந்தது ஊர் முழுக்கக் கேட்டது.

தீர்த்தகிரியை அந்த மலையில் தெரியாதவர்கள் இல்லை. ஐம்பதைத் தாண்டியவர். சாமையும் கொள்ளும் விதைக்கிற நிலம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் மனசு இருப்பது சவுண்டு சர்வீஸில். இரண்டு குழாய் ஸ்பீக்கர், நான்கு பெட்டி, ஆம்ப்ளிபையர், சீரியல் லைட்டு. கல்யாணம், காதுகுத்து, கோயில் கூழ், எது என்றாலும் விடிவதற்குள் மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டிவிடுவார். சாவு விழுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஜீப்பில் குழாயைக் கட்டிக்கொண்டு, "இயற்கை எய்தினார்" என்று ஊர் ஊராகச் சேதி சொல்லவேண்டும். அதைத் தன் குரலில் பதிவுசெய்து லேப்டாப்பில் வைத்துக்கொள்வார். தொண்டை வலி மிச்சம். நல்ல கணீர் குரல். இறந்தவர் வீட்டார் அதைக் கேட்டுவிட்டு இன்னொரு தடவை அழுவார்கள்.

பாட்டுப் போடுகிற லேப்டாப் அவர் மகனுக்குப் பள்ளியில் கொடுத்தது. நல்ல பாட்டு உச்சத்தில் போகிறபோது நின்றுவிடும். திரையில் ஒரு வட்டம் சுற்றும். ஊரே அந்த வட்டத்துக்காகக் காத்திருக்கும். சசிகலாவிடம் கொண்டுவந்தார். அவள் குலுக்கினாள், சுரண்டினாள், தன் தொகுப்பைப் போட்டாள். பாட்டுக்கு, அவள் கண்டுபிடித்ததிலேயே மெலிந்த ஒன்றை வைத்தாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, வரிவரியாகப் பாட்டுப் பெயர்கள். வேறு ஒன்றுமே இல்லை. சுட்டியால் தொடக்கூட வேண்டாம், அம்புக்குறியை மேலும் கீழும் அமுக்கினால் போதும்.

"மாமா, இனிமே நிக்கவே நிக்காது" என்றாள். அவர் திரையைப் பார்த்தார்.

"ஸ்கூலு போர்டு மாதிரி கீதேமா."

"பாட்டு கேக்கத்தானே மாமா, பாக்கறதுக்கா?"

நிற்காமல் ஓடினால் சரி என்று எடுத்துக்கொண்டு போனார். உண்மையிலேயே நிற்கவில்லை. ஆனால் ஒரு குறை இருந்தது. தமிழில் பெயர் வைத்த பாட்டெல்லாம் அந்தக் கறுப்புத் திரையில் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. அந்தத் திரைக்கு ஏற்ற தமிழ் எழுத்துருவை அவள் போடவில்லை. அதுவும் ஒரு சுமை என்று விட்டிருந்தாள். தீர்த்தகிரி சமாளித்துக்கொண்டார். மூன்றாவது வரி நாதசுரம், ஆறாவது வரி நலங்குப் பாட்டு என்று வரிசையை மனப்பாடம் செய்துவைத்தார்.

பாண்டுரங்கன் வீட்டுக் கல்யாணம். பெண் வீட்டார் வாசலில் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு ஜீப்பில் வந்து இறங்குகிறார்கள். ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்கிறார்கள். தீர்த்தகிரி மூன்றாவது வரியை அமுக்கினார். ஆனால் முந்தினநாள் புதிதாக ஒரு பாட்டு ஏற்றியிருந்ததால் வரிசை ஒன்று தள்ளிப்போயிருந்தது. இரண்டு குழாயிலும், எதிர்மலையில் மோதித் திரும்புகிற அளவுக்கு, அவருடைய சொந்தக் குரலே எழுந்தது:

"பெரியவர் கோபால்சாமி அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார் என்பதை மிகுந்த வருத்தத்துடன்..."

தாவி நிறுத்தியதாகத்தான் அவர் சொல்கிறார். பதறி முதலில் சத்தத்தைக் கூட்டிவிட்டதாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நாதசுரம் வந்து சேர்வதற்குள் ஆரத்தித் தட்டுகள் தாழ்ந்துவிட்டன. மாப்பிள்ளையின் அத்தை செல்லியம்மாள் ஜீப்பிலிருந்து இறங்கிய காலை மறுபடி ஏற்றிவிட்டார். "வாசல்லயே சாவு சேதி. இது இன்னா சகுனம்? வண்டியத் திருப்பு." டிரைவர் வெற்றிச்செல்வன்தான். சாவியைத் தொடாமல், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம்.

பாண்டுரங்கன் பெண்ணைப் பெற்றவர். எவ்வளவு வேண்டுமானாலும் கத்தியிருக்கலாம். மெதுவாக ஜீப்பருகே போனார்.

"கோபால்சாமி யாரு? எங்க பெரிப்பா. இந்தப் பொண்ண தோள்ல தூக்கிக்கினு திரிஞ்ச மனுசன். மாசியில பூட்டாரு. கண்ணாலத்துக்கு வருவேன்னு சொல்லிக்கினே கெடந்தாரு. வந்துட்டாரும்மா. எறங்குங்க. உங்களுக்கு முன்னால அவருக்கு ஒரு எல போடறேன்."

சொன்னபடியே முதல் பந்தியில் முதல் இலை ஆளில்லாமல் போடப்பட்டது. சோறு, பருப்பு, வடை, பலாச்சுளை. செல்லியம்மாள் அதற்குப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தார். கல்யாணம் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள்.

நன்றாக இல்லாதவர் தீர்த்தகிரிதான். கடைவீதியில் அவரைக் கண்டால் யாராவது மூக்கைப் பிடித்துக்கொண்டு "மிகுந்த வருத்தத்துடன்" என்றார்கள். ஆடிக் கூழுக்குச் சவுண்டு யாருக்கு என்று பேச்சு வந்தபோது, இந்த வருசம் திருப்பத்தூரிலிருந்து செட் எடுக்கலாமா என்று இரண்டொருவர் வாயைத் திறந்தார்கள். அவர் நினைவு தெரிந்து அம்மனுக்கு வேறு யாரும் குழாய் கட்டியதில்லை. லேப்டாப்பைக் கொண்டுவந்து சசிகலாவின் மேசையில் வைத்தார்.

"உம் போர்டு உங்கிட்டயே இருக்கட்டும்."

அவள் எழுந்து நின்றாள். "மாமா, மிஷினு ஒரு தபாகூட நிக்கலயே?"

அவர் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார். பதில் வீட்டில் பச்சையம்மாவிடமிருந்து கிடைத்தது. "ஆமாண்டி. நிக்காமத்தான் சாவு சேதி படிச்சிச்சி."

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் கடையே கதி என்று கிடந்ததாக வெற்றிச்செல்வன் சொன்னார். நினைவகம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்று எண்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாளாம். எல்லா எண்ணும் அவள் பக்கம்தான் இருந்தது. அதுதான் அவளை அரித்தது. "எல்லாம் சரியா கீது, ஆனா அந்த மனுசன் மொகத்த என்னால பாக்க முடியல" என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மேல் ஊரில் ஒரு காதுகுத்து. தீர்த்தகிரி தன் செல்போனிலிருந்து பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். சசிகலா கடையைப் பூட்டிவிட்டு, கூப்பிடாமலேயே போய், ஆம்ப்ளிபையருக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். அவர் ஒரு தம்ளர் டீயை அவள் பக்கம் நகர்த்தினார்.

நாள் முழுக்க அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாய்மாமன் வருகிறபோது இந்தப் பாட்டு, குழந்தை வீறிட்டு அழுகிறபோது அந்தப் பாட்டு என்று அவர் வாய்க்குள் முனகியபடி தேடினார். கூட்டம் சாப்பிடப் போனபோது அவர் ஒருவரே செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சசிகலா கேட்டாள்:

"மாமா, நான் கைய வெக்கறதுக்கு முன்னால, அந்தப் பழைய பொட்டியில உனக்கு இன்னா புடிச்சிருந்திச்சி?"

இதை அவள் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை என்று என்னிடம் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

தீர்த்தகிரி வெட்கப்பட்டார். ஐம்பத்துச் சொச்சம் வயது மனிதர், எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "கலர் கோடு ஆடுமே, அதும்மா. பாட்டுக்குத் தக்கன மேல எகிறும், கீழ எறங்கும். பச்ச, மஞ்ச, செவப்பு."

"அது எதுக்கு மாமா? அதனால பாட்டு நல்லா கேக்குமா?"

"கேக்காது."

"வேற எதுனா வேலக்கி ஆவுமா?"

"ஒரு வேலக்கியும் ஆவாது." செல்போனைத் தொடையில் கவிழ்த்தார். "அழகா இருக்கும்மா. எல்லாரும் அங்க ஆடிக்கினு இருப்பாங்க, நானு இங்க ஒண்டியா குந்திக்கினு இருப்பேன். எங்கூட அது ஆடும்."

சசிகலா சாக்கைச் சுருட்டிவைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அந்த வாரம் கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் காதில் விதவிதமான பாட்டுகள் விழுந்தன. அவள் பாட்டுப் போடுகிற மென்பொருள்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் கோடு ஆடியது, ஆனால் பாட்டுக்கும் கோட்டுக்கும் சம்பந்தமில்லை. ஒன்றில் நன்றாக ஆடியது, ஆனால் கூடவே படமும் பாட்டு வரிகளும் பாட்டு விற்கிற கடையுமாக வந்து மிஷினை உட்கார்த்திவிட்டது. கடைசியில் ஆடேஷியஸ் என்று ஒன்று. பழைய நாளில் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் இருந்த பாட்டுப் பெட்டி போன்ற முகம். சின்ன உடம்பு. தமிழ்ப் பெயர்கள் தெளிவாகத் தெரிந்தன. ஓரத்தில் கோடு. தாளம் விழுகிற இடத்தில் எகிறியது.

அதற்காக மற்றதில் கழித்தாள். தீர்த்தகிரி அந்த லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்ததே கிடையாது, அது போயிற்று. மனு எழுதுவது போயிற்று. பிடிஎஃப் போயிற்று. மெனுகூட இல்லாமல், திறந்தவுடனே பாட்டுப் பெட்டி மட்டும் வந்து நிற்கும்படி செய்தாள். சாவுச் சேதிகள் எல்லாவற்றையும் லேப்டாப்பிலிருந்தே எடுத்துத் தனிப் பென்டிரைவில் போட்டாள். அதைச் செருகாவிட்டால், ஆண்டவனே வந்து அமுக்கினாலும் கோபால்சாமி வாய் திறக்கமாட்டார்.

"அந்தக் கோடு ரொம்பத் துன்னுதா?" என்று நான் கேட்டேன்.

சிரித்துவிட்டாள். "அதாங்க்கா கூத்தே. ஒரு கைப்புடிகூட இல்ல. மொதல்லயே வெச்சிருக்கலாம். எனக்குத்தான் அது எதுக்குன்னு ஒரு புடிவாதம்."

கொண்டுபோய்க் கொடுத்தபோது தீர்த்தகிரி ஒரு பாட்டைப் போட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பாட்டு முடிந்தது. இன்னொன்று போட்டார். பிறகு உள்ளே போய் ஒரு பெரிய பலாப்பழத்தைத் தூக்கிவந்து வெற்றிச்செல்வனின் ஜீப்பில் ஏற்றினார். பச்சையம்மா அதை மூன்று வீட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தும் மீந்தது.

அப்புறம் அந்தத் தொகுப்பை அவள் கைவிட்டுவிட்டாள். இப்போதும் குலுக்குகிறாள், சுரண்டுகிறாள், கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். ஆனால் அதற்குமுன் கொண்டுவந்தவரை உட்காரவைத்து ஒரு கேள்வி: "இதுல எது இல்லாட்டி உனக்கு ஆவாது?" பதில் வருகிறவரை அவள் விடுவதில்லை. மகளிர் குழுவின் முனியம்மா, தாங்கள் எழுதுகிற மனுவில் ஒரு கொம்பும் சுழியும் இடம் மாறக்கூடாது, அச்சில் அப்படியே வரவேண்டும் என்றார். யோசித்துப் பார்த்து, அந்த லேப்டாப்புக்கு லிப்ரே ஆஃபிஸே திரும்பி வந்தது. கனம்தான். "கனமா இருந்தா இன்னா? அவங்க தூக்கறாங்க" என்கிறாள். ஆசிரியர் பயிற்சிக்காரப் பெண், சதுரங்கம் வேண்டும் என்றாள். அது வந்தது. பேரனோடு படம் பார்க்கிற பெரியவர் பாண்டுரங்கன்தான். அவர் நீண்டநேரம் தலையைச் சொறிந்துவிட்டு, திறந்ததும் தன் மாடு திரையில் தெரியவேண்டும் என்றார். மாட்டின் போட்டோவை அவளே போய் எடுத்துவந்தாள். மாடு கொஞ்சம் பெரிய கோப்பு. அதைச் சின்னதாக்கித்தான் போட்டாள், பழக்கம் விடுமா.

ஆடிக் கூழுக்குச் சவுண்டு யாருக்கு என்ற பேச்சு ஒரே நாளில் அடங்கிவிட்டது. பாண்டுரங்கன்தான் அடக்கினார். "என் பொண்ணு கண்ணாலத்துல நடந்ததுக்கு நான்தான் கோச்சிக்கணும். நானே கோச்சிக்கல. உங்களுக்கு இன்னா?" என்றாராம். திருப்பத்தூர் செட் திருப்பத்தூரிலேயே இருந்துகொண்டது.

அந்தக் கூழ்த் திருவிழாவைப் பார்க்க நானும் போயிருந்தேன். நல்ல உச்சிவேளை. அம்மன் கோயில் முன்னால் கேழ்வரகுக் கூழ் அண்டா அண்டாவாக இறங்குகிறது. வரிசையில் பாத்திரங்கள். வேப்பிலை கட்டிய பெண்கள். புளியமரத்தின் இரண்டு கிளைகளில் தீர்த்தகிரியின் இரண்டு குழாய்கள். அவர் குளித்து, விபூதி பூசி, புதுத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, மேசைக்குப் பின்னால் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டுக்குக் கையைக் கொண்டுபோகும்போது கூட்டத்தில் பாதிப்பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்கள். செல்லியம்மாளும் வந்திருந்தார். கூழ்க் கிண்ணம் வாயருகே அப்படியே நின்றது.

அம்மன் பாட்டு. சுத்தமாக, கணீரென்று, மலையில் மோதித் திரும்பியது. யாரோ குலவை போட்டார்கள். செல்லியம்மாள் கூழைக் குடித்தார்.

கூட்டம் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டது. தீர்த்தகிரி மட்டும் முன்னால் குனிந்து, கையைத் திரைக்கு மேலே குடையாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். மேசை வெயிலில் இருந்தது. அந்த வெளிச்சத்தில் கோடு தெரியாது, திரை வெறும் கண்ணாடி. அவர் முகம்தான் அதில் தெரிந்திருக்கும்.

சசிகலா கூழ் வரிசையில் முன்னேறி, இன்னும் இரண்டு பேர் போனால் அவள் முறை என்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். கிண்ணத்தைப் பச்சையம்மாவிடம் கொடுத்துவிட்டு வரிசையைவிட்டு வெளியே வந்தாள். மேசைக்குப் பின்னால் போய், இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து விரித்து, இரண்டு கையாலும் தூக்கி, லேப்டாப்பின் மேல் நிழலாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.